உயிர் காக்கும் ஊசியும் நூலும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் வாக்கு. கசக்குவதற்கு முன் கிழிந்த இடத்தைத் தைத்துக்கொள் என்பது எங்கள் தையல் சிஸ்டரின் வாக்கு. வெள்ளிக்கிழமை பிற்பகல்தோறும் ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல் என்று விரலில் குத்திக்கொண்டே நாங்கள் பழகுகிறோம். "இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?" என்று முணுமுணுப்பவர்களும் எங்களுள் உண்டு.

துணி கிழிந்தால் தைக்கிறோம். நம் உடலில் இரத்தம் ஓடும் குழாய் கிழிந்தால் என்ன செய்வது? அதையும் ஊசியும் நூலும் கொண்டுதான் தைக்கிறார்கள். அந்தத் தையல் முறையை உலகுக்குத் தந்த மருத்துவர், ஊசி பிடிக்கும் நுணுக்கத்தை ஒரு பூத்தையல் அம்மையாரிடம் சென்று பயின்றார் என்று படித்தபோது நாங்கள் வியந்துபோனோம். அந்த வரலாற்றையும், அது நம் திண்டுக்கல் வட்டாரத்து மக்களுக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

உடலுக்குள் ஓடும் குழாய்கள்

நம் ஊருக்குக் குடிநீர் தரும் இடங்களுள் ஆத்தூர் காமராசர் அணையும் ஒன்று. அங்கிருந்து பெருங்குழாயில் வரும் நீர், தெருக்குழாய்களில் பிரிந்து, வீட்டுக் குழாயில் வந்து சேர்கிறது. நம் உடலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. இதயம் நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடித்து, ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனியில் செலுத்துகிறது. பெருந்தமனி கிளைத் தமனிகளாகவும், அவை தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளாகவும் பிரிகின்றன. உயிர்வளியைக் கொடுத்துவிட்ட இரத்தம் சிரைகள் வழியே இதயத்துக்குத் திரும்புகிறது. இரத்தம் இவ்வாறு சுற்றி வருகிறது என்பதை இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டு விளக்கினார். தந்துகிகளை இத்தாலியரான மால்பிஜி 1661-இல் நுண்ணோக்கியில் கண்டார்.

இக்குழாய்களுக்கு இரண்டு விதமான ஆபத்து நேரலாம். ஒன்று, வெட்டுப்படுதல். இது கண்ணுக்குத் தெரியும். இரத்தம் பீறிட்டு வரும். மற்றொன்று, அடைபடுதல். இது கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டு இரத்தமும் வெளியே வராமலே, அடைப்புக்கு அப்பாலுள்ள பகுதி பட்டினி கிடக்கும். தசையும் நரம்பும் இவ்வாறு இரத்தமின்றிச் சுமார் 6 மணி நேரமே தாங்கும். அதற்குமேல் தாமதமானால் குழாயைச் சரிசெய்தாலும் உறுப்பைக் காப்பது அரிது.

கட்டினால் மட்டும் போதுமா?

பழங்காலத்தில் கால் துண்டிக்கப்பட்டவர்களின் இரத்தப்போக்கை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவார்கள். அந்த வேதனையைக் கண்டு மனமிரங்கியவர் பிரெஞ்சு நாட்டுப் படை மருத்துவர் ஆம்புரோவாஸ் பாரே. 1552-ஆம் ஆண்டு ஒரு முற்றுகைப் போரில், துண்டித்த காலின் தமனியை நூலால் கட்டி அவர் இரத்தத்தை நிறுத்தினார். சூட்டுக்கோல் போய் நூல் வந்தது.

ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. தெருவில் பெருங்குழாய் உடைந்தால் மாநகராட்சி ஊழியர் வந்து முதலில் வால்வை அடைக்கிறார். தண்ணீர் வீணாவது நிற்கிறது. அவர் அத்துடன் வீட்டுக்குப் போய்விட்டால் அத்தெருவில் யார் வீட்டிலும் குடம் நிரம்பாது. தமனியைக் கட்டிவிட்டு நிறுத்துவதும் இது போன்றதே. உயிர் பிழைக்கும்; ஆனால் கீழேயுள்ள கையோ காலோ பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. குழாயை மீண்டும் இணைக்கும் வழியை மருத்துவ உலகம் இன்னும் 300 ஆண்டுகளுக்குமேல் தேட வேண்டியிருந்தது.

ஒரு குடியரசுத் தலைவரும் ஒரு பூத்தையல் அம்மையாரும்

1894-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் பிரெஞ்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ, லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குச் செல்லும் பெரிய சிரை வெட்டுண்டது. நாட்டின் சிறந்த அறுவை மருத்துவர்கள் சூழ்ந்து நின்றும், வெட்டுண்ட குழாயைத் தைக்க அவர்களுக்கு வழி தெரியவில்லை. சில மணி நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அப்போது அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த 20 வயது இளைஞர் அலெக்சிஸ் கரேல். இரத்தக் குழாயைத் தைக்க முடியாதா என்ற கேள்வி அவரை விடவில்லை. லியோன் பட்டுக்கும் பூவேலைக்கும் பெயர்பெற்ற நகரம். அங்கு வாழ்ந்த லெரூதியே என்னும் பூத்தையல் அம்மையாரிடம் சென்று, மிக நுண்ணிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளும் முறையை அவர் பயின்றார். மருத்துவம் படித்தவர் தையற்காரியிடம் போவதா என்று அவர் தயங்கவில்லை.

1902-இல் கரேல் தம் முறையை வெளியிட்டார். சட்டைக் கையின் வட்டமான நுனியைத் தைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். துணி சுருங்கும், ஒரு பக்கம் குத்திய ஊசி மறுபக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். இரத்தக் குழாயில் அப்படி நேர்ந்தால் குழாயே அடைபட்டுவிடும். கரேல் என்ன செய்தார்? வெட்டுண்ட இரு வாய்களையும் நேருக்கு நேர் பொருத்தி, சம தூரத்தில் மூன்று இடங்களில் மூன்று முடிச்சுகள் போட்டார். அந்த மூன்று நூல்களையும் மூன்று பக்கமாக இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகிவிடுகிறது. பிறகு தைக்க வேண்டியவை மூன்று நேர்கோடுகளே! நேர்கோட்டில் தைக்க முதல் மாதத் தையல் மாணவிக்கும் தெரியுமன்றோ? இவ்வரும்பணிக்காகக் கரேலுக்கு 1912-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நாங்கள் செய்து பார்த்த சோதனை

படித்ததோடு நில்லாமல் நாங்கள் ஐந்து பேர் இதைச் செய்து பார்த்தோம். சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி, துண்டுகளாக வெட்டி, மீண்டும் இணைத்துத் தைத்தோம். முதன்முறை மனம்போனபடி வட்டமாகவே தைத்தோம். மையிட்ட நீரை ஊற்றியபோது இருவர் குழாயில் நீர் செல்லவேயில்லை. மற்றவர் குழாய்கள் நாற்புறமும் ஒழுகின. அடுத்த முறை கரேல் காட்டிய வழியில் மூன்று நூல்களை இழுத்துப் பிடித்துத் தைத்தோம். நான்கு குழாய்களில் நீர் தடையின்றி ஓடியது. ஆயினும் ஊசி குத்திய ஒவ்வொரு துளையிலும் சிறு முத்துப் போல மை துளிர்த்தது.

"இரத்தக் குழாயிலும் இப்படி ஒழுகாதா?" என்று அறிவியல் ஆசிரியையைக் கேட்டோம். இரத்தத்துக்கு உறையும் தன்மை இருப்பதால் அச்சிறு துளைகள் தாமே அடைபட்டுவிடும் என்று அவர் விளக்கினார். ஆனால் அதே உறைதல் குழாயின் உள்ளே நடந்தால் ஆபத்து. அதைத் தடுக்க உதவுவது ஹெப்பாரின் என்னும் மருந்து. 1916-இல் அமெரிக்க மருத்துவ மாணவர் ஜே மெக்லீன் செய்த ஆய்விலிருந்து அது பிறந்தது. இன்று இரத்தக் குழாயைத் தைக்கும்போது பெரும்பாலும் இம்மருந்தைத் தந்து, குழாயை மெல்லிய கவ்விகளால் இருபுறமும் பிடித்து, தலைமுடி போன்ற செயற்கை இழையால் தைக்கிறார்கள். கண்ணுக்கு உருப்பெருக்கும் கண்ணாடி அணிந்துகொள்கிறார்கள்.

ஒட்டுப்போடும் கலை

துணி சிறிது கிழிந்திருந்தால் இழுத்துத் தைக்கலாம். பெரிதாகக் கிழிந்திருந்தால் ஒட்டுப்போட வேண்டும். இரத்தக் குழாயும் அப்படித்தான். ஒட்டுக்குத் துணி எங்கே? நம் காலிலேயே இருக்கிறது. தோலுக்குச் சற்று அடியில் கணுக்காலிலிருந்து தொடை வரை ஒரு நீண்ட சிரை செல்கிறது. ஆழத்தில் வேறு சிரைகள் இருப்பதால் இதை எடுத்துவிட்டாலும் கால் சமாளித்துக்கொள்ளும். 1948-இல் பாரிசில் ழான் குன்லின் என்ற மருத்துவர் இச்சிரையைக் கொண்டு, காலில் அடைபட்ட தமனிக்கு மாற்றுப்பாதை அமைத்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. சிரைகளின் உள்ளே இரத்தத்தை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வுகள் உள்ளன. எனவே எடுத்த சிரையைத் தலைகீழாகத் திருப்பித் தைக்க வேண்டும். திருப்ப மறந்தால் அத்தனை உழைப்பும் வீண்!

பெருந்தமனி போன்ற பெரிய குழாய்களுக்கு இச்சிரை போதாது. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டிபேக்கி சிறுவயதில் தாயிடம் தையல் கற்றவர். 1950-களில் அவர் கடையில் டெக்ரான் என்னும் பாலியஸ்டர் துணியை வாங்கி, வீட்டிலிருந்த மனைவியின் தையல் இயந்திரத்திலேயே குழாய்களைத் தைத்தார். டெக்ரான் குழாய்கள் இன்றும் பயன்படுகின்றன. நம் சீருடையில் கலந்திருக்கும் அதே வகை இழை ஒருவர் நெஞ்சுக்குள் இருந்து அவரை வாழவைக்கிறது என்பது எத்தகைய வியப்பு!

போர்க்களம் தந்த பாடம்

இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற 2,471 அமெரிக்க வீரர்களின் தமனிக் காயங்களை டிபேக்கியும் அவர் தோழர் சிமியோனும் ஆராய்ந்து 1946-இல் வெளியிட்டனர். தமனியைக் கட்டிவிட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் உறுப்பை இழந்திருந்தனர். அடுத்து 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் காயமுற்றவர்களை விரைந்து கொண்டுவந்து, தமனியைத் தைத்துச் சரிசெய்தனர். உறுப்பை இழந்தோர் நூற்றுக்குச் சுமார் 13 பேராகக் குறைந்தனர். ஊசியும் நூலும் விரைவும் சேர்ந்து செய்த மாற்றம் இது.

வாடிவாசலிலிருந்து மதுரை வரை

நமக்குப் போர்க்களம் இல்லை. ஆனால் தை பிறந்தால் நம் சமவெளி ஊர்களில் வாடிவாசல் திறக்கிறது. காளையின் கொம்பு கீழிருந்து மேலாகக் குத்துவது. அது பெரும்பாலும் படும் இடங்களுள் தொடையும் இடுப்பின் கவட்டையும் அடங்கும். அங்கேதான் காலுக்குச் செல்லும் பெரிய தமனி தோலுக்கு அருகில் செல்கிறது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணனுக்கு இப்படி நேர்ந்தது. சுற்றியிருந்தோர் காப்பித்தூள் கொண்டு வா, புகையிலை வைத்துக் கட்டு என்று ஆளுக்கொன்று கூறினர். நல்வாய்ப்பாக அங்கிருந்த ஒரு நர்ஸ் அக்கா, துண்டை மடித்துக் காயத்தில் வைத்து, தம் முழு எடையையும் இரு கைகளில் ஊன்றி அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. மதுரையில் மற்றொரு காலின் சிரையை எடுத்துத் தமனிக்கு ஒட்டுப்போட்டார்கள். கொம்பு குத்தி நான்கு மணி நேரத்துக்குள் அக்காலில் மீண்டும் நாடி துடித்தது. இன்று அந்த அண்ணன் லேத் பட்டறையில் நின்று வேலை செய்கிறார்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை சுமார் 65 கிலோமீட்டர். அங்குள்ள அரசு இராஜாஜி மருத்துவமனையில் இரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இத்துறை இருக்கிறது. துண்டாகிப்போன கைகளையும் விரல்களையும் நுண்ணோக்கியின் கீழ் மீண்டும் இணைப்பதில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையும் கோவை கங்கா மருத்துவமனையும் புகழ்பெற்றவை. 108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008 முதல் ஓடுகிறது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

எங்கள் தாத்தாவின் கால்

வெட்டுப்பட்ட குழாயின் கதை இது. இனி அடைபட்ட குழாயின் கதையைக் கூறுகிறோம். இது எங்கள் வீட்டுக் கதை.

திண்டுக்கல் என்றால் பூட்டும் புகையிலையும் நினைவுக்கு வரும். எங்கள் தாத்தா சுருட்டுச் சுற்றும் தொழிலாளி. சுற்றிய கை, புகைக்கவும் பழகிக்கொண்டது. நாற்பது வயதில் கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்காலில் வலி வரும். நின்றால் வலி நின்றுவிடும். வாதம் என்றார் ஒருவர். எண்ணெய் தேய்த்தார்கள். இரவில் பாதம் எரியும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். அப்போதும் யாரும் அவர் பாதத்தில் விரல் வைத்து நாடி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கட்டைவிரல் கறுத்த பிறகே பெரிய மருத்துவமனைக்குச் சென்றார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அப்போது எங்கள் அம்மா எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். அத்தோடு அம்மாவின் படிப்பும் நின்றது.

தாத்தாவுக்கு வந்தது பர்கர் நோய். 1908-இல் நியூயார்க் மருத்துவர் லியோ பர்கர் இதை விரிவாக விளக்கினார். பீடி, சுருட்டு, சிகரெட் புகைக்கும் இளவயது ஆண்களையே இது பெரும்பாலும் தாக்குகிறது. கை கால்களின் சிறு தமனிகள் வீங்கி உறைந்து அடைபடுகின்றன. தைப்பதற்கோ ஒட்டுப்போடுவதற்கோ நல்ல குழாய் கிடைப்பதும் அரிது. இதற்குத் தலையாய மருந்து ஒன்றே: புகையிலையை அறவே விடுதல். விட்டவர்களுக்குக் கால் போவது மிக அரிது. விடாதவர்களுக்கு ஒரு விரலோடு நிற்பதில்லை.

வேறுவகை அடைப்புகளுக்கு இன்று நல்ல வழிகள் உண்டு. இதயத்திலிருந்து புறப்பட்ட உறைகட்டி ஒன்று காலில் போய்ப் பூட்டுப் போட்டதுபோல் அடைத்துக்கொண்டால், அதற்குச் சாவி செய்தவர் தாமஸ் ஃபோகார்ட்டி. கையுறையின் விரல்நுனியை மெல்லிய குழாயின் முனையில் தூண்டில் முடிச்சால் கட்டி அவர் ஒரு சிறு பலூன் செய்தார். 1960-களின் தொடக்கம் முதல் அப்பலூனை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, ஊதி, பின்னுக்கு இழுத்துக் கட்டியை வெளியே கொண்டுவருகிறார்கள். 1964-இல் சார்லஸ் டாட்டர் என்பவர் 82 வயது மூதாட்டி ஒருவரின் குறுகிய தமனியை, தோல் வழியே செலுத்திய குழாய்களால் விரித்துக் காலைக் காத்தார். நீரிழிவு உள்ளவர்களின் கால் அடைப்புகளுக்கு இவ்வழி இன்று பெரிதும் உதவுகிறது.

நாள்முழுதும் நின்று வேலை செய்யும் ஆசிரியைகள், மில் தொழிலாளர், சமையற்காரர் ஆகியோரின் கால்களில் நரம்பு சுருண்டதுபோல் தெரிவது நரம்பன்று, வீங்கிய சிரை. வேலையின் நடுவே சற்று நடப்பதும், ஓய்வில் காலை உயர்த்தி வைப்பதும் நன்மை தரும். புண்ணோ வீக்கமோ வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்த வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

2. காப்பித்தூள், மஞ்சள், புகையிலை எதையும் காயத்தில் திணிக்கக் கூடாது. குத்திக்கொண்டு நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது.

3. அழுத்தியும் நிற்காமல் உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துத் தர வேண்டும். கயிறும் கம்பியும் ஆகா. பாம்புக் கடிக்கு இறுகக் கட்டுதல் கூடவே கூடாது.

4. துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி நீரில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டி நேரே படக் கூடாது.

5. அடிபட்ட கையோ காலோ வெளிறி, குளிர்ந்து, மரத்து, அசைக்க இயலாமல், நாடியும் இல்லாமல் இருந்தால், இரத்தம் வராவிட்டாலும் அது அவசரமே. அடிபடாமலே திடீரென்று இவ்வாறு நேர்ந்தாலும் அவசரமே.

6. நடந்தால் வந்து நின்றால் நிற்கும் கால்வலியையும், ஆறாத விரல் புண்ணையும் வாதம் என்று எண்ணிக் காலம் கடத்தக் கூடாது.

முடிவுரை

தையல் வகுப்பில் இப்போது எங்களுள் யாரும் முணுமுணுப்பதில்லை. அந்த ஊசியைப் பிடித்து ஒரு நாள் ஒருவர் காலைக் காக்கப்போகிறவள் எங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். ஆயினும் அறுவை மருத்துவர் தைப்பதற்கு முன் உறுப்பு உயிரோடு வந்து சேர வேண்டும். அது அருகில் நிற்கும் நம் கையில் இருக்கிறது.

எங்கள் தாத்தா கால் போன அன்றே சுருட்டை விட்டுவிட்டார். அதனால்தான் வலது கால் இன்றும் இருக்கிறது என்று மருத்துவர் கூறுகிறார். பாதத்தின் மேற்புறத்தில் நாடி பார்க்கும் இடத்தைப் புத்தகத்திலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் தாத்தாவின் வலது பாதத்தில் இரண்டு விரல்களை வைத்துப் பார்க்கிறோம். "இருக்கிறதா, அம்மா?" என்று தாத்தா கேட்பார். மெதுவாகத்தான் துடிக்கிறது. இருக்கிறது, தாத்தா என்கிறோம்.

தோழியரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா பாதங்களிலும் விரல் வைத்துப் பாருங்கள்.